ஸ்கைரிம்: கதை ஏற்பாடு செய்யாத டிராகன் சந்திப்புகள்

முதல் பதிவு

2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த ஸ்கைரிம் வீடியோ கேமை நான் வாங்கியது அடுத்த ஆண்டுக் கோடையில்தான். 2016-இல் சிறப்புப் பதிப்பு வந்தபோது மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இப்போதும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தப் பனிமலைப் பக்கம் போய்விட்டு வருகிறேன். உறுப்பினர்களிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். தொடக்கத்தில் ஹெல்கன் ஊரில் நம் கழுத்துக்கு மேல் கோடரி ஓங்கிய நேரத்தில் ஆல்டுயின் என்ற டிராகன் வந்து இறங்குவதையும், வைட்ரன் நகருக்கு வெளியே மேற்குக் காவற்கோபுரத்தில் மிர்முல்னிர் என்ற டிராகன் விழுவதையும் நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அவை அனைவருக்கும் ஒரே மாதிரி நடப்பவை. அப்படிக் கதை ஏற்பாடு செய்து வைக்காத, உங்களுக்கென்று நேர்ந்த டிராகன் சந்திப்பைச் சொல்லுங்கள்.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெல்கனிலிருந்து ஹாட்வர் என்ற படைவீரனுடன் தப்பி வந்தவர்களுக்கு ரிவர்வுட் கொல்லர் ஆல்வோரைத் தெரிந்திருக்கும். ஹாட்வரின் மாமா, வந்த அன்றே வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, மறுநாள் உலைக்களத்தில் இரும்புக் கத்தி அடிக்கவும் அதைச் சாணை பிடிக்கவும் கற்றுக்கொடுப்பவர். ஒரு மாலை நேரத்தில் மூட்டை நிறைய இரும்புக் கட்டிகளோடு அவரிடம் போய்க்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது இசை மாறியது. அண்ணாந்து பார்ப்பதற்குள் ஒரு டிராகன் விடுதிக் கூரையின் மேல் உட்கார்ந்து தெருவெல்லாம் தீயைக் கக்கியது. இந்த விளையாட்டில் ஊர்க்காரர்கள் சிலர் வீட்டுக்குள் ஓடி ஒளிவார்கள், சிலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எதிர்த்து வருவார்கள். ஆல்வோர் இரண்டாம் வகை. நான் அம்பு தீரும்வரை எய்து, அது தரையிறங்கியதும் வாளால் முடித்து, அதன் உயிர்ச்சக்தி என் மேல் வந்து பாயும் அந்த ஒளியில் பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன். ஒளி அடங்கிய பிறகுதான் சாணைக்கல்லின் பக்கத்தில் ஆல்வோர் கிடப்பதைப் பார்த்தேன்.

ஆட்டத்தைச் சேமித்து வைத்த முந்தைய சேவ் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருந்தது. திரும்பிப் போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, நடந்தது நடந்ததுதான் என்று விட்டுவிட்டேன். விளையாட்டுக் கணக்கில் சில நாள் கழித்து, வேறொரு நகர வாயிலில் தபால்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். உங்கள் நண்பர் ஆல்வோர் காலமானதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், அவர் உங்களுக்கு விட்டுச்சென்ற பொன் இத்துடன் வருகிறது, உரிய வரி ஏற்கெனவே பிடித்துக்கொள்ளப்பட்டது என்று ஆட்சியாளர் பெயரில் எழுதியிருந்தது. அத்தனை டிராகன்களைக் கொன்றும் எனக்கு நினைவில் நிற்பது வரி பிடித்துக்கொண்ட அந்தக் கடிதம்தான்.

மறுமொழி 1

ஹெல்கனுக்குப் பிறகு ஒரு டிராகனைக்கூடப் பார்க்காமல் அறுபது மணி நேரம் ஆடியவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஹெல்கனிலிருந்து வெளியே வந்ததும் ரிவர்வுட்டுக்குப் போகச் சொன்னார்கள். எனக்கு யாரும் சொல்கிற பக்கம் போகிற பழக்கமில்லை. மேற்கே திரும்பி ஃபால்கிரீத், அங்கிருந்து ரிஃப்டன், திருடர் சங்கம், பிறகு வின்டர்ஹோல்டில் மந்திரக் கல்லூரி என்று காலம் போய்விட்டது. பழங்கல்லறைகளின் உள்ளே டிராகன் எழுத்துச் சுவர்களைக் கண்டேன், எழுத்து ஒளிர்ந்து ஒரு சொல் என்னிடம் வந்து சேர்ந்தது, ஆனால் அதைத் திறக்க ஓர் உயிர்ச்சக்தி வேண்டும் என்றார்கள். அது எங்கே கிடைக்கும் என்றே எனக்குத் தெரியாது. காவலர்கள் டிராகன்களைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்டு, வதந்தி என்று எண்ணிக் கடந்துபோனேன்.

கடைசியில் ஒரு நாள் வைட்ரன் ஆட்சியாளர் பால்குரூஃபிடம் போய், அவர் சொன்ன வேலையை முடித்து, காவற்கோபுரத்துக்குப் போனேன். அதற்குள் நான் மிகவும் தேறியிருந்ததால் மிர்முல்னிர் நாலைந்து அடியில் சரிந்துவிட்டது. சாகும் தறுவாயில் நான் யாரென்று தெரிந்துகொண்டு அது அலறிய அலறலில் இருந்தது கோபமல்ல, பயம். இவ்வளவு எளிதாக விழுந்த ஒன்று என்னைப் பார்த்துப் பயந்தது எனக்கு உவப்பாக இல்லை.

இதில் விஷயம் என்னவென்றால், அந்தக் கோபுரச் சண்டை முடிந்த பிறகுதான் நாடு முழுவதும் டிராகன்கள் திரியத் தொடங்கும். அதுவரை வானம் காலியாகவே இருக்கும். முதல் பதிவில் ஆல்வோரின் சாவைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. நாம் கோபுரத்துக்குப் போகாமலே இருந்திருந்தால் அவர் இன்றும் உலை ஊதிக்கொண்டிருப்பார். இதை அறிந்த பிறகு நான் தொடங்கிய ஓர் ஆட்டத்தில் இன்றுவரை பால்குரூஃபைச் சந்திக்கவே இல்லை. வேட்டையாடித் தோல் விற்றுப் பிழைக்கிறேன். அலுப்பாக இருக்கும் என்பார்கள். எனக்கு அலுக்கவில்லை.

மறுமொழி 2

எல்லோரும் இப்படி உருகும்போது மாற்றுக் கருத்துச் சொல்வது முறையல்லதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: சண்டை என்ற அளவில் ஸ்கைரிம் டிராகன் சுமாரானது. வாள் ஏந்தி ஆடுகிறவன் அது தரையிறங்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். டிராகன்ரென்ட் என்ற முழக்கம் (உரக்கச் சொன்னால் மந்திரம்போல் வேலை செய்யும் சொற்கள்) கிடைத்த பிறகுதான் அதைக் கீழே இழுக்க வழி உண்டு; அது கதையில் வெகு தூரம் போன பிறகு வருவது. அதுவரை அது நம்மை விட்டுவிட்டு ஏதோ ஒரு மானையோ நண்டையோ துரத்திக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். தொடக்க நிலைகளில் காட்டுக் கரடி என்னைக் கொன்ற கணக்கில் பாதிகூட டிராகன்கள் கொன்றதில்லை. 2011 இறுதியில் வந்த 1.2 மென்பொருள் திருத்தத்துக்குப் பிறகு டிராகன்கள் பின்பக்கமாகப் பறந்த கூத்தை நேரில் கண்டவர்களுக்கு அச்சம் என்பது அன்றே போயிருக்கும். அடுத்த திருத்தம் வரும்வரை வாலை முன்னால் விட்டுக்கொண்டு அவை ஊர்வலம் போயின.

நான் மெச்சுகிற ஒரே சந்திப்பு, எனக்குப் பங்கே இல்லாத ஒன்று. வைட்ரன் சமவெளியில் மாமூத் கூட்டத்தோடு இரண்டு இராட்சதர்கள் நிற்க, மேலே ஒரு டிராகன் வந்து அவர்களைச் சீண்டியது. நான் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். இராட்சதர்கள் வென்றார்கள். உயிர்ச்சக்தி மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது. கூலி வாங்க வேலை செய்ய வேண்டியதில்லை என்று அன்று கற்றுக்கொண்டேன்.

மறுமொழி 3

என் தம்பி ஆடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். எங்கள் வீட்டில் ஸ்கைரிம் ஆடப்பட்டது அப்படித்தான். நிலத்தடியில் பிளாக்ரீச் என்று ஒரு பெருங்குகை இருப்பதை ஆடியவர்கள் அறிவார்கள்: ஒளிவிடும் காளான்கள் மரம்போல் வளர்ந்து நிற்க, குள்ளர் இனத்தார் கைவிட்டுப் போன கல் நகரம் நடுவில் கிடக்கும். அந்த நகரத்துக்கு மேலே, சூரியனுக்குப் பதிலாகத் தொங்கவிட்டது போல, மஞ்சளாக ஒரு பெரிய உருண்டை விளக்கு. தம்பி, செப்டிமஸ் என்ற அறிஞர் கேட்ட பொருளைத் தேடிக் குனிந்த தலை நிமிராமல் போய்க்கொண்டிருந்தான். எனக்கோ அந்த விளக்கின் மேலேயே கண். "அதைப் பார்த்து ஒரு தடவை கத்தேன்" என்றேன். எதற்கு என்றான். சும்மாதான் என்றேன்.

எதிரே இருப்பதைத் தள்ளிவிடும் ஃபுஸ் ரோ டா என்ற முழக்கத்தை முழங்கினான். கோயில் மணியைப் போல ஓர் ஓசை அந்தக் குகை முழுக்க அதிர்ந்து அடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை என்று அவன் திரும்பிய நேரத்தில், கூரையுள்ள குகைக்குள், நிலத்துக்கு அடியில், ஒரு டிராகன் பறந்து வந்தது. திரையில் வுல்துர்யோல் என்று பெயர் விழுந்தது. அங்கே அது எப்படி வந்தது, எத்தனை காலமாக இருக்கிறது என்று விளையாட்டு எங்கேயும் சொல்வதில்லை. யாரும் அதைக் கொல்லும்படி நம்மைக் கேட்பதும் இல்லை. நாங்கள் தோற்றோம். தம்பி பழைய சேவுக்குத் திரும்பிப் போய், அதன் பிறகு அந்த விளக்குப் பக்கமே பார்க்கவில்லை. நான் சொன்ன யோசனை எதையும் இரண்டு நாள் கேட்கவும் இல்லை.

மறுமொழி 4

இரண்டாம் மறுமொழி எழுதியவருக்கு ஒரு சொல். சண்டையாகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் டிராகன்களுக்கு அது சண்டையல்ல, வாக்குவாதம். நெருப்புக் கக்குவது என்று நாம் சொல்வது அவற்றின் மொழியில் யோல், டூர், ஷூல் என்ற மூன்று சொற்களைப் பேசுவது. விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்த மொழிக்கு 34 எழுத்துகளை வரைந்தார்கள். ஒவ்வொன்றும் நகத்தால் கல்லைக் கீறியது போல இருக்கும். தலைப்பு இசையைக்கூட அந்த மொழியில்தான் பாட வைத்தார் இசையமைப்பாளர் ஜெரமி சோல், முப்பது பேர் பாடியதை மூன்று முறை அடுக்கித் தொண்ணூறு பேர் பாடுவது போல ஒலிக்கச் செய்து. டிராகனின் பெயரும் மூன்று சொல் கொண்ட ஒரு முழக்கமே. ஒடாவிங் என்ற டிராகனின் பெயருக்குப் பனி, வேட்டைக்காரன், சிறகு என்று பொருள். அந்தப் பெயரை நாம் உரக்க முழங்கினால் அது ஓர் அறைகூவல். மானமுள்ள டிராகன் வராமல் இருக்காது. வைட்ரன் அரண்மனையின் பின்முற்றத்தில் அதைப் பொறியில் மாட்டி வைத்துவிட்டுப் பேசியபோது, தன்னைப் பிடித்த விதத்தை அது பாராட்டியதே, அந்த இடத்தை அடுத்த முறை அவசரப்படாமல் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 5

மொழியைப் பற்றிப் பேச்சு வந்ததால் பார்த்தர்நாக்ஸ் என்ற டிராகனைப் பற்றி எழுதுகிறேன். இது கதை ஏற்பாடு செய்த சந்திப்புதான், ஆகவே முதல் பதிவின் நிபந்தனைக்குள் வராது. ஆனால் எனக்கு நேர்ந்தது கதைக்கு வெளியில்.

ஏழாயிரம் படி ஏறி, ஹை ஹ்ரோத்கார் மடத்தையும் தாண்டி, உலகின் தொண்டை என்னும் சிகரத்துக்குப் போனால் அங்கே சிறகு கிழிந்த ஒரு கிழட்டு டிராகன் இருக்கும். பேச்சுக்கு முன் மரபுப்படி வணக்கம் சொல்ல வேண்டும் என்று அது நெருப்பை முழங்கிக் காட்டும். பிறகு தன் முகத்துக்கு நேராக நம்மையும் முழங்கச் சொல்லும். வந்த விருந்தாளி தீயால் கும்பிடு போட வேண்டும். அன்று அம்மா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திரையில் இருந்தது என்னவோ பேசுகிறதே, என்ன சொல்கிறது என்று கேட்டார். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பழைய போரில் அண்ணன் ஆல்டுயினுக்கு வலக்கையாக இருந்து மனிதர்களைக் கொன்றது, பிறகு மனம் மாறி மனிதர்களுக்கே முழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது, பல நூற்றாண்டுகளாகத் தன் இயல்போடு தியானத்தில் போராடிக்கொண்டிருப்பது எல்லாம் சொன்னேன். நல்லவனாகவே பிறப்பது மேலா, முயன்று தன் தீய இயல்பை வெல்வது மேலா என்று அது கேட்பதையும் சொன்னேன்.

சில நாள் கழித்து, டிராகன்களை வேட்டையாடும் பிளேட்ஸ் குழுவைச் சேர்ந்த டெல்ஃபின் என்ற பெண்ணும் எஸ்பர்னும் அதைக் கொன்றால்தான் இனி உதவுவோம் என்றார்கள். சமாதானம் பேச வழியே வைக்கவில்லை. கொல்லலாம் அல்லது அந்தப் பணியை முடிக்காமல் அப்படியே கிடப்பில் போடலாம், அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை இந்த விளையாட்டில் மிக மோசமாக எழுதப்பட்ட இடம் அது. பார்த்தர்நாக்ஸிடமே போய்ச் சொன்னால், அவர்கள் என்னை நம்பாதது சரிதான், நானாக இருந்தாலும் இன்னொரு டிராகனை நம்பமாட்டேன் என்று சொல்கிறது. இதையும் அம்மாவிடம் சொன்னேன். "வயசான பெரியவரைப் போய் ஏன்டா கொல்லச் சொல்றா அவ? உங்க தாத்தாவும் நாப்பது வயசு வரைக்கும் குடிச்சு ஊரையே அடிச்சவர்தான். விட்டப்புறம் யாராவது போய் அவரை வெட்டினாங்களா?" என்றார்.

நான் கொன்றேன். பணிப் பட்டியலில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்ற அற்ப ஆசை. அது பெரிதாக எதிர்க்கவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அது என் மனம் சொன்னதாகவும் இருக்கலாம். மற்ற டிராகன்களைப் போலவே சதை எரிந்து எலும்புக்கூடு ஆனது. பழக்க தோஷத்தில் எலும்பையும் செதிலையும் எடுத்துப் பையில் போட்டேன். ஓர் எலும்பு 15 எடை, ஒரு செதில் 10. தாங்கும் எடையைத் தாண்டியதால் ஓடவும் முடியவில்லை, வரைபடத்தில் ஊரைத் தொட்டுத் தாவவும் முடியவில்லை. கீழே போட மனம் வராமல், எனக்குக் கற்றுக்கொடுத்தவரின் எலும்பைச் சுமந்துகொண்டு மடத்தின் வழியாகவே அடி அடியாக இறங்கினேன். துறவிகள் இனி என்னோடு ஒட்டுறவு இல்லை என்றார்கள். பாதிப் படியில் அம்மா எட்டிப் பார்த்து, ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய் என்று கேட்டார். சுமை அதிகம் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

வைட்ரனில் 5,000 பொன்னுக்கு வாங்கிய பிரீஸ்ஹோம் வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்துப் பெட்டியில் அவை இன்னும் இருக்கின்றன. விற்கவில்லை, கவசமாகவும் அடிக்கவில்லை.

முதல் பதிவு எழுதியவரின் மறுமொழி

நிபந்தனையை மீறியதற்கு வருத்தப்பட வேண்டாம்; நான் கேட்க நினைத்தது ஏறக்குறைய இதைத்தான். என் ஆட்டங்கள் எதிலும் அந்தப் பணி முடிந்ததில்லை. பட்டியலின் அடியில் அப்படியே கிடக்கிறது. பணியைத் திருத்தி எழுதி, டெல்ஃபினை எதிர்த்துப் பேச வழி செய்யும் மாட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) ஒன்று இருக்கிறது, பலரும் பயன்படுத்துகிறார்கள். நான் போடவில்லை. கிடப்பில் கிடப்பதே எனக்குப் போதுமான பதிலாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் கேட்கலாமா: 2016 பதிப்பில் மறுபடி ஆடினீர்களா, ஆடியிருந்தால் என்ன செய்தீர்கள்?

மறுமொழி 5 எழுதியவர்

ஆடினேன். சிகரத்தில் பார்த்தர்நாக்ஸ் இருக்கிறது, அவ்வப்போது போய் நெருப்பால் வணக்கம் சொல்லிவிட்டு வருகிறேன். டெல்ஃபின் பக்கம் போனால், அது செத்துவிட்டதா என்று இன்னும் கேட்கிறாள்.