சிறு செய்திகள் தாமதமாவதைத் தவிர்க்க எந்த சாக்கெட் (வலையமைப்பு இணைப்பின் முனை) விருப்பம்?

கேள்வி:
வணக்கம். பைத்தானில் எழுதிய என் கிளையன்ட், ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பகுதியையும் உடற்பகுதியையும் தனித்தனி சென்ட் அழைப்புகளில் அனுப்புகிறது. லினக்ஸ் சர்வர் விரைவாகச் செயல்பட்டும், பதில் வர ஏறத்தாழ 40 மில்லிவினாடி கூடுதலாகிறது. எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1:
1984இல் ஜான் நேகிள் முன்வைத்த வழிமுறை, முன்பு அனுப்பிய தரவுக்கு ஒப்புகை (தரவு கிடைத்தது என்ற எதிர்முனையின் அறிவிப்பு) வரும்வரை அடுத்த சிறு துண்டை நிறுத்திவைக்கிறது. எதிர்முனையோ, ஒப்புகையைத் தன் பதிலோடு சேர்த்து அனுப்பலாம் என்று சற்றுக் காத்திருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதே நீங்கள் காணும் தாமதம். நேகிள் வழிமுறையை அணைக்க, சாக்கெட் விருப்பங்களை மாற்றும் செட்சாக்ஆப்ட் அழைப்பில் ஐபிப்ரோட்டோ_டிசிபி, டிசிபி_நோடிலே, 1 என்ற மதிப்புகளை இதே வரிசையில் கொடுங்கள்.

மறுமொழி 2:
அதற்கு முன், இரு பகுதிகளையும் ஒரே பஃபரில் (தற்காலிக நினைவகப் பகுதியில்) சேர்த்து ஒரே சென்ட்ஆல் அழைப்பில் அனுப்பிப் பாருங்கள். என் கருத்தில் இதுவே முறையான தீர்வு; நோடிலே மட்டும் இட்டால் தாமதம் நீங்கும், ஆனால் சிறு பாக்கெட்டுகள் பெருகும்.

மறுமொழி 3:
இரண்டையும் சேர்த்தே செய்யலாம். பைத்தானின் ஒத்திசைவற்ற நிரலாக்க நூலகமான ஏசிங்க்ஐஓவுக்கு மாறினால், பைத்தான் 3.6 முதல் டிசிபி இணைப்புகளுக்கு நோடிலே இயல்பாகவே இடப்படுகிறது. கோ நிரலாக்க மொழியிலும் அப்படித்தான்.