புவேனோ என்றால் ‘நல்ல’. அவ்வளவுதானா?

மாட்ரிட்டிலிருந்து:

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த முதல் வாரமே வந்துவிடும் சொல் புவேனோ. ‘நல்ல’ என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். ஆண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒருமையில் வந்தால் கடைசி ‘ஓ’ விழுந்து புவென் ஆகும்: புவென் அமீகோ, நல்ல நண்பன். பெண்பாலுக்குப் புவேனா. இதெல்லாம் மனப்பாடம் பண்ணிவிடலாம். பக்கத்தில் எந்த வினை நிற்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

நம் ‘இரு’வுக்கு அவர்களிடம் ஸேர், எஸ்தார் என்று இரண்டு வினைகள். ஸேரிலிருந்து வரும் ‘எஸ் புவேனா’ என்றால் அவள் நல்லவள். எஸ்தாரிலிருந்து வரும் ‘எஸ்தா புவேனா’ என்றால்? எங்கள் ஆசிரியை குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் விளக்கினார். தெருமுனையில் நின்று ‘செம கட்டை’ என்கிறார்களே, அந்தத் தொனி. “எஸ்தார் புவேனாவைச் சூப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்” என்றார். சூப் ‘எஸ்தா புவேனா’ என்றால் ருசியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த எச்சரிக்கை காதில் இருக்கும்போதே எனக்குக் காய்ச்சல். படுத்து எழுந்த அன்று, 70 வயதைத் தாண்டிய வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, “யா எஸ்தாஸ் புவேனா?” என்றார். தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால் கையில் ஒரு சட்டி கால்டோ, நம் கோழி ரசம் போலத் தெளிவாக, ஆவி பறக்க. முகத்தில் குறும்பு கொஞ்சமும் இல்லை. உடம்பு தேவலையா என்று விசாரிக்கிறார்! நோயாளியிடம் ‘கே தே போங்காஸ் புவேனா’ என்பது ஸ்பெயினில் சாதாரணமாகக் காதில் விழும் வாழ்த்து, சீக்கிரம் குணமாகட்டும் என்று. ஆண் என்றால் புவேனோ. ஆசிரியை சொன்னதும் பொய்யில்லை. கேட்பவருக்கு முந்தின நாள் காய்ச்சல் இருந்ததா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

உங்கள் ஊரில் இது என்னென்ன வேலை செய்கிறது, எழுதுங்கள்.

மெக்சிகோ சிட்டியிலிருந்து:

இங்க போனை எடுத்ததுமே “புவேனோ?”ன்னுதான் கேப்பாங்க. ஹலோவுக்குப் பதிலா அதுதான். அந்தக் காலத்துல லைன் கரகரன்னு இருக்கும், ‘லைன் நல்லா இருக்கா’ன்னு கேட்டது அப்படியே நின்னுடுச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. ஸ்பெயின்ல ‘தீகா’, கொலம்பியாவுல ‘அலோ’. மெக்சிகோ ஆளு எடுக்கறாரான்னு முதல் சொல்லுலயே தெரிஞ்சுடும்.

எனக்குப் பிடிச்சது வேற. பக்கத்து வீட்டுப் பசங்க மாடிப்படியில பந்து விளையாடுவாங்க. முதல்ல அவங்க அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஜன்னல்ல ஒரு தடவ பட்டதும் உள்ளேர்ந்து சத்தம் வரும்: “யா எஸ்துவோ புவேனோ!” அகராதியப் பாத்தா ‘நல்லா இருந்தது’ன்னு வரும். அர்த்தம், ‘போதும்டா, நிறுத்துங்க’. படி காலியாயிடும்.

அடியும் இங்க நல்லதுதான். ‘உனா புவேனா பலீசா’ன்னா நல்ல அடி. ‘உன் புவென் சுஸ்தோ’, நல்லா பயந்து போறது. நமக்கு இதுக்கு விளக்கமே வேண்டாம், நல்ல மழைங்கறோம், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்ங்கறோம். என்கூடப் படிச்ச ஜெர்மன்காரர்தான் அடி எப்படி நல்லதாகும்னு ரொம்ப நேரம் குழம்பிட்டு இருந்தார். இன்னும் ஒரு படி மேல போய் மெக்சிகோக்காரங்க பெயர்ச்சொல்லே இல்லாம ‘உன் புவென்’னு விட்டுடுவாங்க. ‘ஆய் உன் புவென் தே ஹென்தே’, ஏகப்பட்ட கூட்டம். மெட்ரோவுல காலையில இத கேக்காம இருக்க முடியாது.

மாட்ரிட்டிலிருந்து இன்னொருவர்:

மாட்ரிட் மெட்ரோவில் 6, 7 ஆகிய இரண்டு தடங்களும் சந்திக்கும் நிலையம் ஒன்றின் பெயரே குஸ்மான் எல் புவேனோ. நல்லவர் குஸ்மான். 1294-ல் ஸ்பெயினின் தென்கோடியில் உள்ள தரீஃபா கோட்டையைக் காத்தவர். கோட்டையைக் கொடுக்காவிட்டால் பிடித்து வைத்திருக்கும் உன் மகனைக் கொன்றுவிடுவோம் என்று முற்றுகையிட்டவர்கள் மிரட்ட, கொல்ல என் கத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மதில்மேலிருந்து வீசினார் என்பது கதை. மகன் செத்தான், கோட்டை நின்றது. அரசருக்கு அவர் நல்லவர். அந்தப் பையனின் அம்மாவைக் கேட்டால் வேறு அடைமொழி கிடைத்திருக்கும்.

மீண்டும் முதலாமவர்:

சரி, ஒருவரைப் பாராட்ட எதைச் சொல்வது பத்திரம் என்று தனியே கேட்டிருந்தவருக்கு: ‘எஸ் புவேனா ஹென்தே’. ஹென்தே என்றால் ஜனங்கள், ஆனால் ஒரே ஆளுக்கும் தாராளமாகச் சொல்வார்கள். ஆண், பெண் யாராக இருந்தாலும் புவேனா மாறாது, ஹென்தே பெண்பால் என்பதால். ஒருவரின் நலம் விசாரிக்கப் ‘பியேன்’ (நன்றாக) போதும்: “எஸ்தாஸ் பியேன்?” இதில் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். சூப்பை மட்டும் எஸ்தா புவேனா என்று வாய் நிறையப் புகழுங்கள், இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.