திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பழைய ரயில் பாதை: தடம் காண உதவி தேவை

1905-ல் திறந்து 1941-ல் மூடிய குறுகிய பாதை இது; தண்டவாள இடைவெளி 762 மி.மீ. கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை வேறு ரயில் வரவில்லை. பாதை போன வழியை முழுதாக வரைபடத்தில் ஏற்ற வேண்டும், வழியோர ஊர்க்காரர்கள் கைகொடுங்கள்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (ஊரின் நிலங்களைச் சர்வே எண் வாரியாக வகையோடு காட்டுவது) புல வரைபடமும் (ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவோடு காட்டுவது) பாருங்கள். வயல்களுக்கு நடுவே ஒரே அகலத்தில் நீளும் புறம்போக்குப் பட்டை இருந்தால் அதன் சர்வே எண் வேண்டும். ஏரிக்கரையையும் வாய்க்கால் கரையையும் ரயில் மேடு என்று நினைத்துவிடுவது சகஜம். ஏரிக்கரை நீரைத் தேக்க வளைந்து முடியும். ரயில் மேடு பள்ளத்தைக் கடந்து அதே மட்டத்தில் மறுபுறமும் தொடரும், சட்டென்று திரும்பாது.

1941-க்கு முந்தைய சர்வே வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போது கோடு தள்ளிப்போகும், இரண்டின் அளவீட்டு அடிப்படையும் வேறு என்பதால். கோயில், ஏரி மதகு போல இடம் மாறாத நான்கு புள்ளிகளையாவது வைத்துப் பொருத்துங்கள்.

சிறுபாலம் கண்டால் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, அட்சரேகை தீர்க்கரேகையை ஐந்து தசம இடம் வரை குறியுங்கள். பழைய வீட்டு உத்தரமாகத் தண்டவாளம் இருந்தால் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எழுத்து, ஆண்டு இரண்டும் முக்கியம்.

பெரியவர்களிடம் “ஸ்டேஷன் இங்கேதானே?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “வண்டி எங்கே நிற்கும், தண்ணீர் எங்கே பிடிக்கும்?” என்று கேளுங்கள். தொண்ணூறைத் தாண்டியவர்கள்தான் நேரில் பார்த்திருப்பார்கள். அவர்களை முதலில் பாருங்கள்.