நம்ம வீட்டுக் குழு: மீனாவோட வெங்காய ஓவியம்

மீனா: [படம்] அத்தை, ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு பெரிய வெங்காயம், ஒரு பூண்டு, கீழே தாத்தாவோட வெள்ளை வேட்டி. நிழலுக்கு கறுப்பு எடுக்கலாமா?

கவிதா அத்தை: வேண்டாம்மா, கறுப்பு ட்யூபை மூடி வை. ஜன்னல் எந்தப் பக்கம்?

மீனா: இடது பக்கம். வெயில் நேரா விழுது.

கவிதா அத்தை: கண்ணைப் பாதி மூடிக்கிட்டு வேட்டி மேல இருக்கிற நிழலைப் பாரு. என்ன கலர்?

மீனா: சாம்பல்... இல்ல, லேசா ஊதா! வெங்காயத்தை ஒட்டின இடத்துல மட்டும் செம்மண் மாதிரி இருக்கு.

கவிதா அத்தை: அதேதான் கண்ணு. வெயில் மஞ்சளா இருந்தா நிழல் ஊதாப் பக்கம் சாயும். தோல்ல பட்ட வெளிச்சம் துணி மேல திரும்பி விழறதுதான் அந்தச் செம்மண். அல்ட்ராமரின் நீலம், அலிசரின் கிரிம்சன்னு அடர் சிவப்பு, நிறைய வெள்ளை எடு. வெங்காயத்துக்கிட்ட துளி பர்ன்ட் சியன்னா, அந்தச் செம்பழுப்பு. பேலட்ல, அதான் கலர் கலக்கற பலகையில, ஒரேயடியா குழைக்காதே, பாதி கலந்ததை அப்படியே வை.

செல்வம் சித்தப்பா: கறுப்பே தொடக்கூடாதுன்னு விதியா மதினி?

கவிதா அத்தை: விதி இல்லை தம்பி. பிரெஞ்சு ஓவியர் மானே கறுப்பை அற்புதமா கையாண்டவர். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மோனேதான் அதைப் படிப்படியா ஒதுக்கினார். கத்துக்கிற பிள்ளைக்குக் கறுப்பு கையில இருந்தா, நிழல்ல என்ன நிறம்னு தேடவே தோணாது. அதனாலதான் சொல்றேன்.

செல்வம் சித்தப்பா: சரிதான். ஆனா பூ, பழம்லாம் இருக்க வெங்காயமா?

கவிதா அத்தை: பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1881ல இத்தாலிக்குப் போனப்போ நேப்பிள்ஸ்ல வரைஞ்சது வெங்காயமும் பூண்டும்தான். இப்ப அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் கிளார்க் மியூசியத்துல இருக்கு. நெட்ல பெரிசா திறந்து பாருங்க. பின்னாடி சுவர்னு பேருக்குத்தான், முழுக்க சாய்வான பிரஷ் வீச்சு. வெங்காயம் உருள்ற மாதிரியே இருக்கும். எனக்கு அவரோட பெரிய படங்களை விட இதுதான் பிடிக்கும்.

மீனா: பார்த்தேன் அத்தை, அழகு! என் வெங்காயத்துல தோல் ஒரு இடத்துல உரிஞ்சு நிக்குது. சின்ன பிரஷ்ல கோடு கோடா போடவா?

கவிதா அத்தை: சின்னதை எடுக்காதே. முரட்டு முடி வெச்ச தட்டையான பிரஷ்ல பெயின்ட்டை நிறைய அள்ளு. தோல் போற திசையிலேயே வை, அழுத்து, தூக்கு. அப்புறம் தொடாதே. தடவித் தடவிச் சரி பண்ணினா கீழ இருக்கிற ஈரக் கலர் மேல வந்து சேறாயிடும்.

அம்மா: கவிதா, பிரஷ் துடைச்ச துணியெல்லாம் சுருட்டி அடுப்படி மூலையில போட்டிருக்கா. நாத்தம் வேற.

கவிதா அத்தை: ஐயோ அண்ணி, முதல்ல அதை எடுங்க! ஆயில் பெயின்ட்ல இருக்கிற லின்சீட் எண்ணெய், அதான் ஆளிவிதை எண்ணெய், காத்தோட சேர்ந்துதான் காயும், காயும்போது சூடு வரும். குவிச்சு வெச்ச துணி தானாவே தீப்பிடிக்கலாம். வெளியில ஒவ்வொண்ணா விரிச்சுப் போடணும். நாத்தம் பிரஷ் கழுவுற டர்பன்டைன், ஜன்னலைத் திறந்து வைங்க.

மீனா: எடுத்துட்டேன்மா, மாடிக் கொடியில தனித்தனியா போட்டாச்சு. அத்தை, வெயில் நகர்ந்துடுச்சு, நிழல் பூண்டுப் பக்கம் வந்துடுச்சு. மாத்தவா?

கவிதா அத்தை: மாத்தாதே. இன்னைக்கு நிறுத்து. நாளைக்கு, இன்னைக்கு ஆரம்பிச்ச அதே நேரத்துல பூண்டை வரைய ஆரம்பி. அதுவும் வெறும் வெள்ளை இல்லை, வெங்காயத்துப் பக்கம் ரோஸ் அடிக்கும் பாரு.

மீனா: சரி அத்தை. அம்மா, அந்த வெங்காயத்தை எடுத்துடாதீங்க.

அம்மா: தொடலைம்மா. வேட்டியையும் அப்படியே விட்டுடறேன்.