ஆச்சி வீட்டுக் குழுவில் யாழினியின் கணக்கு

சாந்தி: வசந்தி மதினி, யாழினிக்கு என்.எம்.எம்.எஸ். என்கிற எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வுக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்தாயிற்று. நேற்று ஒரு மாதிரித் தாள் போட்டாள். மனத்திறன் பகுதியில் 90க்கு 41தான். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னும் எத்தனை தாள் வாங்கிக் கொடுக்கட்டும்?

முருகேசன்: 41 ஒன்றும் மோசமில்லை தங்கச்சி. கடைக்கு வருகிற ஒருவர் குறுக்குவழி எல்லாம் சேர்த்து ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். இதோ போடுகிறேன். 90 நிமிஷத்தில் 90 கேள்வி. வேகம் இல்லாவிட்டால் முடியாது.

[கோப்பு]

வசந்தி: புதுத் தாள் இப்போதைக்கு வேண்டாம் சாந்தி. போட்ட தாளிலேயே 49 கேள்வி மிச்சம் இருக்கிறதே. அவள் எழுதிய பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. விடை மட்டும் போதாது, ஓரத்தில் கிறுக்கிப் போட்டுப் பார்த்ததும் வேண்டும்.

சாந்தி: [படம்] [படம்] [படம்]

வசந்தி: யாழினி பக்கத்தில் இருக்கிறாளா? போனை அவளிடம் கொடு.

சாந்தி: யாழினிதான் அத்தை.

வசந்தி: வாம்மா. மூன்றரை மணிக்கு இரண்டு முட்களுக்கும் இடையில் எத்தனை பாகை என்ற கேள்விக்கு 90 என்று போட்டிருக்கிறாய். எப்படி வந்தது?

சாந்தி: சின்ன முள் 3ல் இருக்கும், பெரிய முள் 6ல் இருக்கும். நடுவில் மூன்று கட்டம். ஒரு கட்டத்துக்கு 30. அதனால் 90.

வசந்தி: கட்டத்துக்கு 30 என்பது சரி. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பின்னால் இருக்கிற திருகை மெல்லத் திருப்பி 3 மணியிலிருந்து மூன்றரைக்குக் கொண்டுவா. பெரிய முள்ளைப் பார்க்காதே. சின்ன முள்ளை மட்டும் பார்.

சாந்தி: அத்தை! சின்ன முள்ளும் நகர்கிறது. 3க்கும் 4க்கும் நடுவில் நிற்கிறது.

வசந்தி: அப்போது எவ்வளவு நகர்ந்திருக்கிறது?

சாந்தி: பாதிக் கட்டம், 15. அப்படியென்றால் 90ல் 15 போய் 75!

வசந்தி: 75தான். இப்போது மாமா அனுப்பிய பி.டி.எஃப்.பைத் திற. மணியை 30ஆல் பெருக்கு, நிமிடத்தை ஐந்தரையால் பெருக்கு, வித்தியாசம் எடு என்று ஒரு வழி இருக்கும். 90, 165, வித்தியாசம் 75. இந்த ஐந்தரை எங்கிருந்து வந்தது, யோசித்துச் சொல். அவசரம் இல்லை.

முருகேசன்: நான் சொன்னது அதுதானே. வழி சரியாகத்தானே இருக்கிறது.

வசந்தி: வழியில் தப்பே இல்லைங்க. ஆனால் ஐந்தரை எதற்கு என்று தெரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளை, தேர்வு அறையில் அது ஐந்தரையா ஆறரையா என்று தடுமாறி நிற்கும். என் வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாந்தி: அத்தை, பெரிய முள் 60 நிமிஷத்தில் 360 சுற்றுகிறது, நிமிஷத்துக்கு 6. சின்ன முள் 60 நிமிஷத்தில் 30தான், நிமிஷத்துக்கு அரை. ஆறில் அரை போனால் ஐந்தரை!

வசந்தி: யாழினி, இதை அப்படியே நோட்டில் எழுதி வை. உன் சொந்த வாக்கியத்தில் எழுது.

முருகேசன்: சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். பிள்ளையே கண்டுபிடித்துவிட்டாள்.

வசந்தி: அடுத்து, உங்கள் மாமாவே சொல்லித்தரக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. 20 சதவீதத் தள்ளுபடி, அதற்குமேல் 10 சதவீதத் தள்ளுபடி, மொத்தம் எவ்வளவு? இவள் 30 என்று போட்டிருக்கிறாள். நீங்களே சொல்லுங்கள்.

முருகேசன்: மருமகளே, ஆடி மாதம் கடையில் தினமும் இதே பேச்சுதான். 1000 ரூபாய்ச் சேலை. 20 சதவீதம் போக 800. பில் போடும்போது இன்னொரு 10 சதவீதம். அந்த 10 சதவீதம் எதற்கு, 1000க்கா 800க்கா?

சாந்தி: 800க்கு மாமா. 80 ரூபாய். 720 கொடுக்கணும். அப்போது தள்ளுபடி 280... 28 சதவீதம்தான்!

முருகேசன்: 30 சதவீதம் குறைத்திருக்க வேண்டுமே என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. எல்லாருக்கும் தாளில் போட்டுத்தான் காட்டுவேன்.

சரவணன்: சித்தி, இப்போதுதான் பார்த்தேன். நான் எட்டாவதில் எழுதியபோது என்னைத் தடுத்தது ஆங்கில எழுத்து வரிசைக் கணக்குகள்தான். தமிழ் வழியில் படிக்கிறவர்களுக்கு எந்த எழுத்து எத்தனையாவது என்று சட்டென்று வராது. யாழினி, ஈ, ஜே, ஓ, டி, ஒய் என்று ஐந்து எழுத்தை மட்டும் நினைவில் வை. அவை 5, 10, 15, 20, 25. மற்றதெல்லாம் அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளலாம். ஆர் எத்தனையாவது?

சாந்தி: டி 20, எஸ் 19, ஆர் 18 அண்ணா.

சரவணன்: அவ்வளவுதான். அப்புறம் இன்னொன்று, தப்பு விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள். ஒரு கேள்வியையும் காலியாக விடாதே. நான் இரண்டு சுற்றாகப் போட்டேன். பார்த்ததும் வழி தெரிகிறவை முதலில். மீதியைத் திரும்பி வந்து பார்த்தேன்.

முருகேசன்: அப்போது வேகம் வேண்டும்தானே?

வசந்தி: வேண்டும். கடைசி மூன்று வாரம் கடிகாரம் வைத்துப் போடட்டும். இப்போதே அவசரப்படுத்தினால், தப்பு எங்கே நடக்கிறது என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும். பாருங்கள், வரிசையில் இடமிருந்து 12ஆவது, வலமிருந்து 15ஆவது என்றால் மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு 27 போட்டிருக்கிறாள். கூட்டத் தெரியாமல் இல்லை. அந்த ஒரு பிள்ளையை இரண்டு பக்கமும் எண்ணிவிட்டாள், 26தான். பள்ளியில் காலை வழிபாட்டு வரிசையில் நிற்கும்போது தன்னையே வைத்து எண்ணிப் பார்க்கட்டும்.

சாந்தி: மதினி, இப்போது நான். உதவித்தொகை எவ்வளவு, வருமானச் சான்று வாங்க வேண்டுமா?

வசந்தி: 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சான்றுக்கு இப்போதே விண்ணப்பித்து வை. மனத்திறன், பாடம் என்ற இரண்டு தாளையும் சேர்த்து 40 சதவீத மார்க் என்பது தகுதிக்கு மட்டும்தான், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 32. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள், தர வரிசைப்படி கொடுப்பார்கள். அதனால் 41ஐ ஏற்றத்தான் வேண்டும், ஏறும். இரண்டாவது தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. அதைப் பாடப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்தாலே பார்த்துக்கொள்ளலாம்.

சரவணன்: அந்தப் பணத்தில்தான் சித்தி பதினொன்றாம் வகுப்புப் புத்தகம், பஸ் செலவு எல்லாம் ஓடியது. அப்பாவிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

வசந்தி: யாழினி, கடைசியாக ஒன்று. எல்லாப் பக்கமும் வண்ணம் பூசிய கனசதுரத்தை 27 சின்னக் கனசதுரமாக வெட்டினால், இரண்டு பக்கம் மட்டும் வண்ணம் உள்ளவை எத்தனை? இதை நீ தொடவே இல்லை. ஓரத்தில்கூட ஒன்றும் கிறுக்கவில்லை.

சாந்தி: படம் மனதில் வரவில்லை அத்தை.

வசந்தி: வராவிட்டால் கையில் செய். ஆச்சியிடம் ஒரு பெரிய உருளைக்கிழங்கு கேள்.

ஆச்சி: [குரல் பதிவு] வசந்தி, கிழங்கைச் சதுரமா நறுக்கிக் குடுத்துட்டேன். மேலே எல்லாம் மஞ்சள் தண்ணி தடவி வெச்சிருக்கு. இனி குறுக்கால ரெண்டு, நெடுக்கால ரெண்டு, படுக்க வெச்சு ரெண்டு வெட்டுன்னு யாழினி சொன்னா. வெட்டிக்கிட்டிருக்கோம்.

சாந்தி: [படம்] அத்தை, மூலையில் இருக்கிற 8க்கு மூன்று பக்கம் மஞ்சள். விளிம்பின் நடுவில் இருக்கிற 12க்கு இரண்டு பக்கம். முகத்தின் நடுவில் இருக்கிற 6க்கு ஒரு பக்கம். உள்ளே ஒன்று வெள்ளையாகவே இருக்கிறது!

வசந்தி: 8, 12, 6, 1. கூட்டினால்?

சாந்தி: 27. சரியாக வருகிறது.

ஆச்சி: [குரல் பதிவு] நடுவுல ஒண்ணு மஞ்சளே படாம இருக்குன்னு எனக்கும் இப்பத்தான் தெரியும். நல்லாத்தான் இருக்கு கணக்கு.

சாந்தி: அத்தை, 64ஆக வெட்டினால் எவ்வளவு வரும்? கிழங்கு வேண்டாம், நானே நினைத்துப் பார்க்கிறேன்.

முருகேசன்: தானாகவே கேள்வி போட ஆரம்பித்துவிட்டாள்!

சாந்தி: மூலை எப்போதும் 8தான். விளிம்பு 12, ஒவ்வொன்றிலும் நடுவில் 2, அதனால் 24. முகம் 6, ஒவ்வொன்றிலும் நடுவில் 4, அதுவும் 24. உள்ளே 2, 2, 2, அதனால் 8. கூட்டினால் 64 அத்தை!

வசந்தி: சரியான விடை. மூலை ஏன் எப்போதும் 8 என்பதையும் நோட்டில் எழுதிவிடு. நாளைக்கு அந்தத் தாளிலேயே திசைக் கணக்குகள் ஐந்தையும் பார்ப்போம். வடக்கு தெற்கு போட்டு, ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து அனுப்பு.