கலப்புச் சிற்பமா, தொடையற் சிற்பமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கல், மரம், இலை போன்ற இயற்கைப் பொருள்களையும் எஃகு, கம்பி, கண்ணாடி போன்ற ஆலைப் பொருள்களையும் சேர்த்துச் செய்யும் தற்காலச் சிற்பங்களுக்குக் ‘கலப்பு ஊடகச் சிற்பம்’ என்ற சொல்லே போதும் என்று முந்தைய மடலில் சொல்லப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலில் கலந்த நீரைப் பிறகு தனியே காண முடியாது. இச்சிற்பங்களிலோ, சேர்ந்த பின்னும் ஒவ்வொரு பொருளும் தன் இயல்பு மாறாமல் இயங்குகிறது.

இத்தாலியின் துரின் நகரக் கலைஞர் ஜியோவான்னி அன்செல்மோ 1968இல் செய்த படைப்பொன்றைப் பாருங்கள். நெடிய கருங்கல் ஒன்றோடு ஒரு சிறு கல்லைச் செப்புக் கம்பியால் கட்டி, இரண்டுக்கும் நடுவே லெட்டூஸ் கீரையை நெருக்கி வைத்தார். கீரை பசுமையாக இருக்கும்வரை கம்பி இறுக்கமாக நிற்கும். அது வாடிச் சுருங்கினால் கம்பி தளர்ந்து சிறு கல் விழுந்துவிடும் என்பதால், காட்சிக்கு வைப்பவர்கள் கீரையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கல்லின் எடை, செம்பின் பிடி, இலையின் ஈரம் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் சிற்பம் இல்லை.

செய்யுள் யாப்பில் எதிரெதிரானவற்றைத் தொடுக்கும் முரண்தொடையை ஒட்டிப் ‘பொருள்முரண் சிற்பம்’ எனலாமா என்று முதலில் எண்ணினேன். ‘பொருள்’ என்ற சொல் பருப்பொருளையும் கருத்தையும் ஒருசேரச் சுட்டுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் கொரியாவில் பிறந்த கலைஞர் லீ உஃபான் ஜப்பானில் 1960களின் இறுதியில் தொடங்கிய சிற்ப வரிசையில் பாறையும் எஃகுத் தகடும் பகைத்து நிற்பதில்லை. இரும்பே பாறையிலிருந்து வந்ததுதானே. எனவே முரணை விட்டுவிட்டுத் தொடையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

‘தொடை’ தனித்து நின்றால் உடலுறுப்பையும், ‘தொடுப்பு’ பேச்சுவழக்கில் தகாத உறவையும் நினைவூட்டும். மாலையைக் குறிக்கும் ‘தொடையல்’ என்ற பழஞ்சொல்லுக்கு அந்த இடர் இல்லை. வாழைநாரில் மல்லிகையைத் தொடுக்கும்போது நார் நாராகவும் பூ பூவாகவுமே இருக்கின்றன. பூ வாடிச் சுருங்கினால் முடிச்சிலிருந்து நழுவுகிறது. அன்செல்மோவின் கல்லுக்கும் இதுவே விதி. ஆகவே ‘தொடையற் சிற்பம்’ என்று முன்மொழிகிறேன்.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. இத்தாலியக் கலைஞர் ஜியூசெப்பே பெனோனே 1968இல் தன் கையின் உலோக வார்ப்பை ஓர் இளமரத்தின் தண்டைப் பற்றியிருக்குமாறு பொருத்தினார். மரம் பருக்கப் பருக்க அந்தக் கையைச் சுற்றி வளர்ந்தது. இதற்கும் தொடையல் பொருந்துமா, அல்லது ஒட்டு மாமரத்தில் வரும் ‘ஒட்டு’ வேண்டுமா என்பதைத் தோட்டக்கலை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.