வகுப்பறைக்கு வெளியே உங்களுக்குக் கைகொடுத்த பயிற்சி எது?

சருகில் வாழும் சிற்றுயிர்களைப் பிரித்தெடுக்கும் சருகுப் புனலைச் சொல்வேன். மாணவர்களை வெளியே கூட்டிச்செல்ல அனுமதி வாங்குவதிலேயே ஆண்டு கழிந்துவிடுகிறது என்று புலம்பும் ஆசிரியர்களுக்கு இது ஏற்றது. மரத்தடிவரை போய் வந்தால் போதும். இத்தாலியப் பூச்சியியலாளர் பெர்லேசி 1905இல் உருவாக்கிய கருவி இது. அதில் மின்விளக்கைச் சேர்த்தவர் ஸ்வீடனின் டல்கிரென்.

பிளாஸ்டிக் பாட்டிலின் மேற்பாதியை வெட்டி, தலைகீழாக அடிப்பாதிக்குள் செருகுங்கள். கழுத்தில் வலைத்துண்டு, அதன்மேல் ஈரம் காயாத சருகு, அடியில் நனைத்த தாள். மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட வேண்டும். எல்.இ.டி. விளக்கில் அவ்வளவு சூடு வராது, சருகு காயாது. பல்பு பிளாஸ்டிக்கைத் தொடவே கூடாது. வெளிச்சம், வெப்பம், வறட்சி மூன்றுக்கும் தப்பி, சருகில் இருப்பவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும்.

மறுநாள் தாளை விரித்தோம். வெறும் குப்பைதான் என்று முதல் வரிசை முகம் சுளித்தது. லென்ஸை வைத்தபோது குப்பையில் பாதி நடந்துகொண்டிருந்தது. அதிகம் பேசாத ஒரு மாணவி, "சார், வாலில்லாத தேள்!" என்றாள். போலித்தேள்! உடல் சில மில்லிமீட்டர்தான். ஆனால் தேளுக்கு உள்ளது போலவே இரண்டு இடுக்கிகள். கொடுக்கு மட்டும் கிடையாது. பென்சில் முனையை அருகில் கொண்டுபோனதும் பின்பக்கமாகவே ஓடியது. "முன்னால் போவதைவிட வேகமா?" என்று அவள் கேட்டாள். அடுத்த பாடவேளை முழுவதையும் அந்தக் கேள்விக்கே கொடுத்துவிட்டேன். பாடத்திட்டம் ஓடியா போய்விடும்?

மறுமொழி: நடுநிலைப் பள்ளி ஆசிரியை

எங்கள் அனுபவம் குளத்தில். வெள்ளைத் தட்டு, கைவலை, அச்சிட்ட இனங்காணும் அட்டை. இதில் அட்டைதான் தொல்லை. குளிர்நாட்டுக் குளத்துக்கு வரைந்ததைப் பதிவிறக்கி எங்கும் பயன்படுத்தினால், கையில் இருக்கும் உயிரினம் தாளில் இருக்காது. அட்டையை ஒதுக்கிவிட்டு மூன்றே கேள்விகளை வைத்துக்கொண்டோம்: கால்கள் எத்தனை? வால் இழைகள் உண்டா? எப்படி மூச்சு விடுகிறது?

மூன்றாவது கேள்விதான் குளத்தின் கதையைச் சொல்லும். நீரில் வளரும் மேஃபிளை என்ற பூச்சியின் இளவுயிரிகளில் பலவற்றுக்கு ஆக்சிஜன் நிறைந்த நீர் வேண்டும். சேற்றில் நெளியும் சிவப்புப் புழுவுக்கு ஹீமோகுளோபின் உண்டு. ஆக்சிஜன் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். தட்டில் சிவப்பு மட்டுமே நெளிந்தால், ஏன் என்று மாணவர்களே தோண்டத் தொடங்கிவிடுவார்கள்.

மறுமொழி: தொடக்கப் பள்ளி ஆசிரியர்

சிறு பிள்ளைகளுக்கு வானம் போதும். மாணவர்களே சுற்றுச்சூழலை அளந்து பதிவுசெய்யும் பன்னாட்டுத் திட்டமாக 1995 முதல் பள்ளிகளில் நடந்துவரும் குளோப் திட்டத்தில் ஓர் அருமையான பயிற்சி உண்டு: வெள்ளைத் தாளைக் கிழித்து நீலத் தாளில் ஒட்டி, மேகம் எத்தனை விழுக்காடு என்று மற்றவர்களை மதிப்பிடச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் எல்லோரும் உள்ளதைவிடக் கூட்டித்தான் சொல்வார்கள், பெரியவர்களும்தான். ஒட்டிய பிள்ளைக்கு மட்டுமே விடை தெரியும் என்பதால் அன்று அந்தப் பிள்ளைதான் ஆசிரியர்!

படமெடுத்தால் உயிரினத்தின் பெயரைச் சொல்லும் செயலிகள் பற்றி ஒரு வார்த்தை. பெயரைச் சொல்லிவிட்டால் பார்ப்பது நின்றுவிடுகிறது. அதனால் மூன்று அடையாளங்களைக் குறிப்பேட்டில் எழுதியபிறகே கேமரா. அப்படிப்பட்ட செயலியான ஐநேச்சுரலிஸ்ட்டில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்குத் தொடங்கப் பெற்றோர் ஒப்புதல் தேவை. சீக் செயலிக்குக் கணக்கே வேண்டாம். சிறியவர்களுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.